பழைய வால்வு ஆம்ப்ளிபயரை கம்ப்யூட்டருடன் இணைப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கேம்ஸ், பாட்டு, இன்டர்நெட் என்று நாட்கள் ஓடிவிடும். அதே கம்ப்யூட்டரை ஒரு ரேடியோவுடன் இணைத்தால், இன்டர்நெட் இல்லாமலே வேறு நாட்டில் இருப்பவருடன் செய்தி பரிமாறலாம். இதற்கு அமெச்சூர் ரேடியோ அல்லது ஹாம் ரேடியோ என்று பெயர். தேர்வு எழுதி அரசு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே சிக்னல் அனுப்பலாம். உரிமத்தில் சொல்லப்பட்ட சக்தியை மீறக் கூடாது.

இதற்கு இன்று அதிகம் பயன்படும் முறைகளில் ஒன்று எப்.டி.8. ஜோ டெய்லர், ஸ்டீவ் பிராங்க் இருவரும் 2017ல் இதை வெளியிட்டார்கள். டெய்லர் 1993ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரை நிறுவினால் போதும். 15 விநாடிக்கு ஒரு முறை அனுப்புவதும் கேட்பதும் மாறி மாறி நடக்கும். எனவே உங்கள் கம்ப்யூட்டர் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். ஓரிரு விநாடிக்கு மேல் தவறினால் செய்தி போய்ச் சேராது.

காதால் பிரித்தறிய முடியாத பலவீனமான சிக்னலையும் இந்த சாப்ட்வேர் படித்துவிடும். ஆகவே பெரும்பாலான நேரம் ஆம்ப்ளிபயர் தேவையில்லை. முதலில் அது இல்லாமல் முயன்று பாருங்கள். அப்படியும் சிக்னல் எட்டாதபோதுதான் ஆம்ப்ளிபயர்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

என்னிடம் இருப்பது ஹீத்கிட் எஸ்.பி.-220. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பென்டன் ஹார்பர் நகரில் இருந்த ஹீத் நிறுவனத்தின் 1970களின் தயாரிப்பு. பாகங்களையும் கையேட்டையும் பெட்டியில் போட்டு விற்றார்கள். வாங்கியவரே சால்டரிங் செய்து சேர்க்க வேண்டும். நமது அசெம்பிள்டு கம்ப்யூட்டர் போலத்தான்.

உள்ளே 3-500இசட் என்ற இரண்டு கண்ணாடி வால்வுகள் உள்ளன. இவற்றுக்கு சுமார் 2,400 முதல் 3,000 வோல்ட் வரை தேவை. அந்த மின்சாரத்தை எட்டு கெபாசிட்டர்கள் தொடராக நின்று சேமிக்கின்றன. ஒவ்வொன்றும் 200 மைக்ரோபாரட். எட்டும் சேர்ந்து வைத்திருக்கும் சக்தி 100 ஜூலுக்கும் மேல். ஓர் உயிரைப் பறிக்க இது போதும்.

ஆப் செய்தால் போதுமா?

போதாது. ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் குறுக்கே 30,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். சுவிட்சை ஆப் செய்ததும் மின்சாரத்தை மெல்ல வடியவிடுவது இதன் வேலை. கணக்குப்படி அரை நிமிடத்தில் அநேகமாக எல்லாம் வடிந்துவிடும். அந்தக் கணக்கை நம்பித்தான் நான் ஒரு நாள் பெட்டியைத் திறந்தேன்.

பிளக்கைப் பிடுங்கி நான்கு நிமிடம் ஆகியிருந்தது. முன்பக்க மீட்டரின் முள் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. பழக்கம் காரணமாக, கை வைக்கும் முன் ஒவ்வொரு கெபாசிட்டரையும் மல்டிமீட்டரால் அளந்தேன். ஏழில் ஒன்றுமில்லை. எட்டாவதில் ஏறத்தாழ 300 வோல்ட்! அதன் ரெசிஸ்டர் உள்ளே அறுந்திருந்தது. ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் காட்டும் மீட்டரில் 300 வோல்ட் எளிதில் கண்ணில் படாது. அன்று அளக்காமல் விட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

எனவே வரிசையாக இவற்றைச் செய்யுங்கள்:

1. ஆப் செய்து பிளக்கைப் பிடுங்குங்கள். ஐந்து நிமிடம் காத்திருங்கள்.
2. தனியாக இருக்கும்போது திறக்காதீர்கள். மோதிரம், வாட்ச் வேண்டாம். ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.
3. ஒவ்வொரு கெபாசிட்டரையும் தனித்தனியாக அளவுக்கேற்ற மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள்.
4. பழைய கெபாசிட்டர்களையும் ரெசிஸ்டர்களையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

அனுபவம் இல்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். தெரிந்த ஹாம் நண்பரை அழையுங்கள்.

கம்ப்யூட்டருடன் சேர்க்கும்போது

முதல் கவனம் ரிலே இணைப்பு. ரேடியோ சிக்னல் அனுப்பும்போது ஆம்ப்ளிபயரையும் இயக்க ஒரு வயர் போகும். எஸ்.பி.-220ல் அந்த வயரில் சுமார் 110 வோல்ட் இருக்கும். இன்றைய ரேடியோ, யு.எஸ்.பி. இன்டர்பேஸ் பலவும் இதைத் தாங்காது. நடுவில் ஒரு சிறிய ஐசொலேஷன் சர்க்யூட் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது சூடு. பேசும்போது குரல் ஏறி இறங்கும். வால்வு இடையிடையே ஓய்வெடுக்கும். எப்.டி.8ல் சுமார் 12.6 விநாடிகள் முழு சக்தி இடைவிடாமல் போகும். எனவே குறைந்த வோல்டேஜ் நிலையில் சுவிட்சை வைத்து, பேச்சுக்குப் பயன்படுத்தும் சக்தியில் பாதிக்கும் குறைவாக இயக்குங்கள். முடித்தவுடன் ஆப் செய்யாமல், மின்விசிறியைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். காற்று வழியில் தூசி சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது டியூனிங். ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை இணைத்து, குறைந்த சக்தியில் தொடங்குங்கள். டியூன், லோட் இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றித் திருப்பி, வெளிவரும் சக்தி உச்சத்துக்கு வரும்படி செய்யுங்கள். ஒரு முறைக்குச் சில விநாடிகளுக்கு மேல் வேண்டாம். கிரிட் கரன்ட் கையேட்டில் உள்ள அளவைத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள்.

சிக்னல் அனுப்பும்போது மவுஸ் நின்றுவிட்டாலோ, யு.எஸ்.பி. துண்டித்துக்கொண்டாலோ கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். ரேடியோ அலை கேபிள் வழியாக உள்ளே வருகிறது. கேபிளில் பெரைட் வளையம் மாட்டி, ஆன்டெனாவைத் தள்ளி வையுங்கள்.

ஹாம் ரேடியோவில் ஆர்வம் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள்ளும் 300 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் கெபாசிட்டர் இருக்கிறது. தூசி தட்டக் கேபினட்டைத் திறக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மூடியை மட்டும் கழற்றாதீர்கள். ஆப் ஆன பெட்டி காலியான பெட்டி அல்ல.