ஒரு நூல், பத்து மேற்கோள்

ஒரே நூலைப் பத்து இடத்தில் சான்று காட்டும் விக்கிக் கட்டுரையில் நூல் விவரத்தைப் பத்து முறை ஒட்டாதீர்கள். அடிக்குறிப்புப் பட்டியல் வீணாக நீளும். பின்னாளில் பதிப்பாண்டைத் திருத்த வேண்டி வந்தால் ஒன்பதைத் திருத்திவிட்டு ஒன்றை மறந்துபோவோம். விக்கிப்பீடியாவில் எழுதுவோருக்கும், மீடியாவிக்கி மென்பொருளில் அலுவலக ஆவணங்களைப் பராமரிப்போருக்கும் இதற்குச் சுருக்கவழி உண்டு: மேற்கோளுக்குப் பெயர் வைப்பது.

சோழர் வரலாற்றுக் கட்டுரையில் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி எழுதிய நூலின் 1955 பதிப்பு அடிக்கடி வரும் என்று கொள்வோம். முதல் இடத்தில் <ரெஃப் நேம்="சாஸ்திரி1955"> என்று தொடங்கி, நூல் விவரத்தை எழுதி, </ரெஃப்> என்று மூடுங்கள். அடுத்த இடங்களில் <ரெஃப் நேம்="சாஸ்திரி1955" /> மட்டும் போதும். ரெஃப், நேம் இரண்டையும் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சிட வேண்டும். மேற்கோளின் பெயர் தமிழில் இருக்கலாம்.

கடைசியில் வரும் அந்தச் சாய்கோட்டை விட்டுவிட்டால், மென்பொருள் அதைப் புதிய மேற்கோளின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். பின்னால் வரும் பத்திகள் அடிக்குறிப்புக்குள் போய்விடலாம். வேர்டில் எழுதி ஒட்டுபவர்கள் மேற்கோள்குறியையும் பாருங்கள்: வளைந்த குறியை மென்பொருள் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும், நேர்க்குறி வேண்டும். சேமிக்கும் முன் முன்தோற்றம் பார்த்தால் இரண்டும் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

பெயரில்தான் பலரும் அலட்சியம் காட்டுகிறார்கள். வெறும் எண்ணை மென்பொருளே ஏற்காது. காட்சித் தொகுப்பி தானாக இடும் ':0', ':1' போன்ற பெயர்களை ஏற்கும். ஆனால் ஆறு மாதம் கழித்து அது எந்த நூல் என்று யாருக்குத் தெரியும்? ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்ந்த பெயரே சிறந்தது. எழுத்து ஒன்று மாறினாலும் அது வேறு பெயர். தமிழ் விக்கியில் கிரந்த எழுத்துகளை நீக்கும் நண்பர் ஒருவர் ஓரிடத்தில் மட்டும் 'சாத்திரி' என்று மாற்றினால், அந்த மேற்கோள் அறுந்து சிவப்புப் பிழைச்செய்தி வரும். உரை திருத்தும்போது பெயருக்குள் கைவைக்காதீர்கள்.

பக்க எண்கள் மாறினால்? ஒரே பெயரில் இரு வேறு உள்ளடக்கம் தரக்கூடாது, அதுவும் பிழையே. ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கு வார்ப்புருக்கள் இருக்கின்றன. 'ஆர்' என்ற ஆங்கில ஓரெழுத்து வார்ப்புருவில் மேற்கோள் பெயரையும் பக்கத்தையும் கொடுத்தால் போதும். 'எஸ்எஃப்என்' வார்ப்புருவோ ஆசிரியர், ஆண்டு, பக்கம் மூன்றையும் வாங்கிச் சிறு குறிப்பாக்கி, ஒரே பக்கத்தைச் சுட்டுபவற்றைத் தானே ஒன்றாக்கும். வரலாற்றுக் கட்டுரைகளுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். முந்நூறு பக்க நூலைப் பக்க எண் இல்லாமல் சுட்டுவது வாசகரை அலைக்கழிப்பது. அலுவலக விக்கியில் இவை தானாக இருக்காது, நிர்வாகியிடம் கேட்டு நிறுவிக்கொள்ளுங்கள்.

பலர் தொகுக்கும் பக்கமானால் முழு விவரங்களைப் பத்திகளுக்குள் வைக்காமல், கீழே மேற்கோள் பட்டியலுக்குள்ளேயே எழுதிவையுங்கள். 2009 முதல் இந்த வசதி இருக்கிறது. அப்போது யாராவது ஒரு பத்தியை நீக்கினாலும் முழு விவரம் அதோடு போகாது. ஏற்கெனவே போயிருந்தால், 'வரலாற்றைக் காட்டு' வழியாகப் பழைய பதிப்பைத் திறந்து, அந்தப் பெயர் முதலில் வரும் இடத்தைத் தேடுங்கள்; விவரத்தை அங்கிருந்து நகலெடுத்துப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.