அயல்நாட்டுச் சாப்பாட்டுக்குப் புதுசா? இதைக் கேட்டுவிட்டுப் போங்கள்

திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் படிக்க வந்து, விடுதிச் சாப்பாடு அலுத்துப்போய், ஷவர்மா, மந்தி, மோமோ கடைப் பக்கம் முதல்முறை எட்டிப் பார்க்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தாராளமாகப் போங்கள் கண்ணுகளா. நம் குழம்பு மிளகாயும் வயல் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான்.

1. மோமோவில் தொடங்குங்கள். நேபாளம், திபெத் பக்கத்துப் பண்டம். இட்லி மாதிரி ஆவியில் வேகிறது. பாத்திரத்திலிருந்து எடுத்ததும் தட்டுக்கு வரவேண்டும்.

2. ஷவர்மாவுக்கு அவசரப்படாதீர்கள். துருக்கி, லெபனான் பக்கம் பிறந்து, வளைகுடா போய்வந்தவர்கள் வழியாகக் கேரளத்துக்கும் நமக்கும் வந்தது. கம்பியில் அடுக்கிய கறியில் தீயைப் பார்த்திருக்கும் மேல்பக்கம் மட்டும்தான் முதலில் வேகும், உள்ளே பச்சையாக இருக்கும். கூட்டம் சேர்ந்ததும் மாஸ்டர் கத்தியை ஆழமாக இறக்கினால் வேகாத கறியும் சேர்ந்து விழும். சீவியதைக் கல்லில் போட்டு மறுபடி வாட்டித் தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள். "இன்னொரு தடவை வாட்டிக் கொடுங்கண்ணா" என்று கேட்கக் கூச்சப்படவே கூடாது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்டபின் 14 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி இறந்துபோனாள். பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அந்தப் பிள்ளையை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

3. மயோனைஸ் எதில் செய்தது என்று கேளுங்கள். பச்சை முட்டையும் எண்ணெயும் சேர்த்து அடிப்பதுதான் பழைய முறை. அடுப்பே அதைத் தொடுவதில்லை. சால்மோனெல்லா கிருமி முட்டை ஓட்டிலும் இருக்கும், சிலசமயம் உள்ளேயும் இருக்கும். "நாமக்கல் முட்டைங்க, இன்னைக்குப் பண்ணையிலிருந்து வந்தது" என்பார்கள். புது முட்டை என்பதற்காகக் கிருமி ஒதுங்கிப் போகாது. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டதும் இதற்காகத்தான். லெபனான்காரர்கள் கோழி ஷவர்மாவுக்குத் தொட்டுக்கொள்வது 'தூம்'. பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு, அவ்வளவே, முட்டையே கிடையாது. என் நாக்குக்கு மயோனைஸைவிட அதுதான் ருசி.

4. மந்திக்கு நான்கு பேராகப் போங்கள். அது ஏமன் நாட்டுச் சோறு. குழியடுப்பில் கீழே அரிசி, மேலே கறி. கறியின் சாறு சொட்டிச் சொட்டிச் சோறு வேகும். பிரியாணிக் காரத்தை எதிர்பார்த்து முதல் வாயிலேயே குறை சொல்லாதீர்கள், சால்னாவும் கேட்காதீர்கள். முதலில் சோற்றை வெறுமனே தின்று பாருங்கள். பிறகு கூட வரும் தக்காளித் துவையலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

5. மூக்கையும் நம்புங்கள். புளித்த வாடை அடித்தால் காசு போனாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

6. கடைசியாக பபுள் டீ. தைவான்காரர்கள் கொண்டுவந்தது. அதிலுள்ள கறுப்பு உருண்டையைக் கண்டு மிரளவேண்டாம், மரவள்ளி மாவுதான். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் சேலம் ஜவ்வரிசிக்கும் அதே மாவுதான். ஆனால் வேகவைத்த உருண்டை சில மணி நேரந்தான் மெத்தென்று இருக்கும், அப்புறம் நடுவில் கட்டியாகிவிடும். எப்போது வேகவைத்தது என்று கேட்டு வாங்குங்கள்.