வேலி அறியாத தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கமாகக் கடலேரியில் விழுந்துவிடும். குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க என்று எல்லாவற்றுக்கும் தலைமுறை தலைமுறையாக நாங்கள் நம்பியிருப்பது கிணற்றைத்தான். அந்தக் கிணற்றைப் பற்றி எங்களிடம் சில பழைய நம்பிக்கைகள் உண்டு. கேட்க இனிமையானவை சில. எங்கள் தண்ணீரையே கெடுத்துக்கொண்டிருப்பவை சில.

"நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும். எங்களுக்குக் கீழே ஆறு ஓடுகிறது."

இதில் பாதி உண்மை இருக்கிறது. குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் சற்றே அமிலத்தன்மை அடைந்து, அந்தக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. அதனால் கல் முழுக்க வெடிப்புகள், துவாரங்கள், இடைக்கிடையே குகைகள். தண்ணீர் இவற்றில் நிறைந்திருக்கிறது, இவற்றினூடாக நகர்கிறது, கரையோரத்தில் கீரிமலை போன்ற இடங்களில் ஊற்றாக வெளியேறுகிறது. ஆனால் எங்கிருந்தோ வந்து வற்றாமல் ஓடும் ஒரு பேராறு கீழே இல்லை. அங்கே இருப்பதெல்லாம் எங்கள் தலைக்கு மேல் பெய்த மழைதான். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதே அதில் பெரும்பங்கு.

அந்த மழைநீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் கடல்நீரைவிடப் பாரம் குறைந்தது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். நிலாவரையைப் பாருங்கள். இராமர் அம்பெய்து உண்டாக்கிய அடியில்லாக் கிணறு என்பார்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர்: குடாநாட்டு நிலத்தடி நீரின் அமைப்பு முழுவதும் அந்த ஒரு கிணற்றிலேயே தெரிகிறது.

அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். இறைத்து இறைத்து நீர்மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால், கீழிருக்கும் உப்பு 40 மீற்றர் ஏறப் பார்க்கும். உவர் கடற்கரைப் பக்கமிருந்துதான் வரும் என்று கடற்கரையிலிருந்து தள்ளி இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். அது தோட்டக் கிணற்றுக்கு நேர் கீழிருந்தும் எழும்பும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மெசின் களைப்பதில்லை.

"மண் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும். மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி வெட்டினால் போதும்."

எங்களுக்கு மிகப் பெரிய தீங்கு செய்வது இந்த நம்பிக்கை என்பது என் முடிவு. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 30 மீற்றர் விடவேண்டும் என்பது உலகில் பல இடங்களில் சொல்லப்படும் பொது விதி. அது மணலும் களியும் கலந்த ஆழமான மண்ணை மனதில் வைத்துச் சொன்னது. அப்படிப்பட்ட மண்ணில் தண்ணீர் மெல்ல நகரும், கிருமிகள் வழியிலேயே செத்துப்போகும். வலிகாமத்தில் செம்மண் சில அடிதான், சில இடங்களில் அதுவும் இல்லை. அதன் கீழே வெடித்த கல். மணலைக் கள் வடிக்கிற பன்னாடை என்று வைத்துக்கொண்டால், எங்கள் சுண்ணக்கல் கிழிந்த பன்னாடை. வெடிப்பினூடாகப் போகும் தண்ணீர் ஒரே நாளில் பல மீற்றர் தூரம் போய்விடும். போகும் திசையும் எங்கள் கையில் இல்லை.

இப்படிப்பட்ட கல் என்ன செய்யும் என்பதை எங்கள் உறவினர்கள் பலர் வாழும் ஒன்ராறியோவில் கண்டார்கள். 2000 மே மாதத்தில் வோக்கேட்டன் என்ற சிறு நகரில் பெருமழை பெய்தது. மாட்டெரு மழைநீரோடு இறங்கி, வெடிப்புள்ள கல்லில் இருந்த ஆழமற்ற பொதுக் கிணறு ஒன்றுக்குள் போனது. குளோரினும் சரியாகக் கலக்கப்படவில்லை. ஈ.கோலை கிருமியால் ஏழு பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றார்கள். பணக்கார நாடு, ஆய்வுகூடங்கள் நிறைந்த நாடு. கல் அதையெல்லாம் பார்க்கவில்லை.

எங்கள் நகரப் பகுதிகளில் ஒரு பரப்புக் காணியில் வீடும் கிணறும் குழியும் இருக்கின்றன. வீடு கட்டும்போது குழியிலிருந்து தன் கிணற்றுக்கு நாடா பிடித்து அளக்காதவர் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அயலவரின் கிணற்றுக்கு அளப்பவர் மிகக் குறைவு. நாலு வீட்டாரும் தத்தம் கிணற்றை விட்டுக் குழியை மூலைக்குத் தள்ளினால், நாலு குழியும் ஒரு மூலையில் கூடிவிடுகின்றன. அடி திறந்த குழியை விட்டு, அடியும் சுவரும் சீமெந்தால் இறுக்கிப் பூசிய தொட்டியைக் கட்டி, நிறையும்போது பவுசரில் எடுப்பித்து, உரிய இடத்தில் சுத்திகரிக்கக் கொடுப்பதே இந்தக் கல்லுக்குப் பொருந்தும் வழி. அதற்கான சுத்திகரிப்பு வசதியைச் செய்து தரச் சொல்லி உள்ளூராட்சிச் சபைகளை விடாமல் கேட்கவேண்டும். தனி வீட்டாரின் கவனம் மட்டும் இதற்குப் போதாது.

"தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, ருசியும் நல்லம். கொதிக்க வைத்தால் மிச்சமும் போய்விடும்."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அதை விடாமல் செய்யுங்கள். நைத்திரேற்று சாகாது, தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடும். நிறமோ மணமோ அதற்கு இல்லை, நாக்கிலும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை தாண்டப்பட்டிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இது ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, பிள்ளை நீலம் பாரிக்கும்.

நைத்திரேற்று கிணற்றுக்குள் இரண்டு வழியால் வருகிறது. ஒன்று, மேலே சொன்ன குழி. மற்றது யூரியா. வெங்காயப் பாத்திக்கு யூரியாவை எறிந்த கையோடு வாய்க்கால் நிறைய இறைத்தால், மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றியதில் பயிர் எடுத்தது போக மிச்சமெல்லாம் தண்ணீரோடு கீழே இறங்கும். மண் அதைப் பிடித்து வைக்காது. அடுத்த இறைப்பில் அதே நைத்திரேற்று மேலே வரும். உரத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுவதும் இறைப்பை அளவோடு நிறுத்துவதும் தோட்டக்காரருக்குக் காசையும் மிச்சப்படுத்தும்.

கிணற்று நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கலாம். கைக்குழந்தை உள்ள வீடு என்றால் பிந்தவேண்டாம். மாரி வந்தால் கிணறு கழுவுப்பட்டுச் சுத்தமாகிவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம். கோடை முழுக்க மேலே தங்கிய உரத்தையும் அழுக்கையும் கிணற்றுக்குள் கொண்டுபோவது முதல் மழைதான்.

"எண்ணெய் மேலே மிதக்கும். வழித்தெடுத்தால் கீழே நல்ல தண்ணீர்."

சுன்னாகத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கிருந்த மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கண்டு, 2015 தொடக்கத்தில் அவர்கள் வீதிக்கு வந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் அங்கு இயங்கிய தனியார் மின்நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பானது. எண்ணெய்ப் படலம் மிதப்பது உண்மை. பென்சீன் போன்ற சில கூறுகள் அதிலிருந்து தண்ணீரில் கரைந்து இறங்குவதும் உண்மை. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். ஒரு கிராம் பென்சீன், ஒரு இலட்சம் லீற்றரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். நீர்மட்டம் கோடையில் இறங்கும்போது எண்ணெய் கல் வெடிப்புகளில் ஒட்டிக்கொள்ளும், மாரியில் ஏறும்போது மறுபடி கிளம்பும். மின்நிலையத்தைப் பேசும் நாங்கள் ஒழுங்கையில் இருக்கும் கராஜையும், கழிவு ஒயிலைப் பின்வளவில் ஊற்றும் பழக்கத்தையும் பேசுவதில்லை.

"குழாய்த் தண்ணீர் வருகிறது. இனி இந்தக் கிணற்றைக் குப்பை போட்டு மூடலாம்."

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. பல வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல். தோட்டங்கள் இன்னும் கிணற்றை நம்பித்தான் இருக்கின்றன, குழாய் எட்டாத வீடுகளும் அப்படியே. கைவிட்ட கிணறு மண்ணும் கல்லும் தாண்டி நிலத்தடி நீருக்குள் நேராகப் போகும் வாசல். அதில் விழும் பொலித்தீன் பையும், செத்த நாயும், பழைய பற்றறியும் அடுத்த வளவின் தண்ணீருக்குள்தான் விழுகின்றன. 1990இல் இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்து வலிகாமம் வடக்குக்குத் திரும்பியவர்கள் தூர்ந்துபோன கிணறுகளைத் துப்புரவாக்கப் பட்ட பாடு இன்னும் பலருக்கு நினைவிருக்கும்.

முடிந்தால் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, குளோரின் இட்டு, கம்பி வலையால் மூடி வைத்திருங்கள். மூடியே ஆகவேண்டும் என்றால் முதலில் உள்ளே கிடப்பதை முழுவதும் வெளியே எடுப்பியுங்கள். அடியிலிருந்து நீர்மட்டத்துக்கு மேல் வரும்வரை கழுவிய கல்லும் மணலும் போட்டு, மேலே சில அடிக்குக் களிமண்ணை இறுக்கி, மழைநீர் தேங்காதபடி சற்று உயர்த்தி விடுங்கள்.