முதல் கார்: 27 மாதக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து தேக்காவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு தம்பி கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். "அண்ணே, இதைப் பாருங்க. 27,000 வெள்ளிதான். சிங்கப்பூர்ல இந்த விலைக்குக் கார் கிடைக்குதுன்னா விடலாமா?"

பழைய ஜப்பான் கார். படத்தில் பளபளவென்று இருந்தது. தம்பிக்கு 19 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டான், உரிமம் கைக்கு வந்து இரண்டு மாதம், தேசிய சேவைக்குக் கடிதம் வந்தாயிற்று. அப்பா பேருந்து ஓட்டுநர். முன்பணத்துக்கு அப்பா சேமிப்பிலிருந்து எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சேமிப்பு எதற்கு என்று கேட்டேன். "தங்கச்சி படிப்புக்கு வச்சிருந்தது. ஆனா அவளுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கே" என்றான்.

விளம்பரத்தைக் கீழே தள்ளிப் பார்த்தேன். சிஓஇ மீதம்: 2 வருஷம் 3 மாசம்.

அந்த ஒரு வரியை அவன் படித்திருந்தான், ஆனால் கணக்குப் போடவில்லை. இன்றைய பாடம் அந்தக் கணக்குதான்.

மற்ற ஊர்களில் கார் வாங்கினால் கார் உங்களுடையது. இங்கே நாம் வாங்குவது ஒரு காரையும், அதை 10 ஆண்டு சாலையில் வைத்திருக்கும் உரிமையையும். அந்த உரிமைக்குப் பெயர்தான் வாகன உரிமைச் சான்றிதழ், நம் வாயில் சிஓஇ. 1990 மே மாதம் இந்த முறை தொடங்கியது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12 விழுக்காடு ஏற்கெனவே சாலைகளுக்குப் போய்விட்டது. இன்னும் எவ்வளவு கொடுப்பது என்பதுதான் அரசாங்கத்தின் வாதம். 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கை வளர்ச்சியையே பூஜ்யமாக்கிவிட்டார்கள். பெரும்பாலும் ஒருவர் காரைப் பதிவு நீக்கினால்தான் இன்னொருவருக்கு இடம்.

சிஓஇ ஏலத்தில் போவதால் விலை ஏறும், இறங்கும். 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவில் 2 வெள்ளிக்குப் போனது. ஆமாம், இரண்டு வெள்ளி, ஒரு டீ காசு. அதே பிரிவு 2023 அக்டோபரில் 106,000 வெள்ளியைத் தொட்டது. 1,600 சிசிக்கு மேல் போகாத, 97 கிலோவாட்டுக்கு மேல் சக்தி இல்லாத சாதாரணக் கார்களின் பிரிவு இது. மின்சாரக் கார் என்றால் 110 கிலோவாட் வரை.

புதுக் கார் என்ன ஆகும் என்று ஒரு தடவை எழுதிப் பார்ப்போம், பயம் தெளியட்டும். காரின் பொதுச் சந்தை மதிப்பு, அதாவது ஓஎம்வி, 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சுங்கவரி 20 விழுக்காடு, 4,000. இரண்டையும் கூட்டி அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, 2,160. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, ஆக இன்னொரு 20,000. பதிவுக் கட்டணம் 350. இதுவரை 46,510. சிஓஇ ஒரு லட்சம் என்றால் 146,510. விற்பவரின் லாபம் இன்னும் சேரவில்லை. கடன் எடுத்தாலும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி ஓஎம்வி 20,000 வரையுள்ள காருக்கு விலையில் 70 விழுக்காடுதான் கிடைக்கும். அதற்கு மேல் போனால் 60. தவணை அதிகபட்சம் 7 ஆண்டு. ஆக கையில் ஏறத்தாழ 44,000 வெள்ளி ரொக்கம் இருந்தால்தான் கடைக்குள்ளேயே போகலாம். 19 வயதில் இது யாருடைய பணம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் எல்லாரும் பழைய கார் பக்கம் போகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் பழைய காரில் விலையைப் பார்க்கக் கூடாது. விலையை மீதமிருக்கும் ஆண்டால் வகுக்க வேண்டும். தம்பியின் 27,000 வெள்ளிக் காரை இரண்டேகால் ஆண்டால் வகுங்கள்: ஆண்டுக்கு 12,000. பக்கத்திலேயே 60,000 வெள்ளிக்கு இன்னொரு கார் இருக்கிறது, சிஓஇ 6 ஆண்டு மீதம் என்று வையுங்கள்: ஆண்டுக்கு 10,000. எது மலிவு? "அண்ணே, ரெண்டாவதுதான். ஆனா 60,000க்கு எங்க போறது?" என்றான். சரிதான். மலிவான கார் வேறு, நம்மால் தாங்க முடிந்த கார் வேறு. இரண்டும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம்.

இன்னும் கொஞ்சம் நோண்டுவோம். காரின் வயது 10 ஆண்டு ஆவதற்குள் பதிவு நீக்கினால், கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். விழுக்காடும் உச்சவரம்பும் கார் எப்போது பதிவானது என்பதைப் பொறுத்தது. விற்பவரிடம் அந்தக் காருக்குரிய தொகையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆனால் சிஓஇ புதுப்பித்த காருக்கு அந்தத் தொகை கிடையாது. புதுப்பிப்பது என்றால் கடைசி மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டி இன்னொரு 10 ஆண்டு, அல்லது பாதியைக் கட்டி 5 ஆண்டு. ஐந்தாண்டு வாங்கியவர் மறுபடி புதுப்பிக்க முடியாது. அந்த ஐந்து முடிந்தால் கார் போயாக வேண்டும். 10 ஆண்டு தாண்டிய காருக்குச் சாலை வரியும் கூடும், முதலில் 10 விழுக்காடு, ஆண்டுக்காண்டு ஏறி 50 வரைக்கும். பரிசோதனையும் ஆண்டுதோறும்.

தம்பியின் கார் இப்படிப் புதுப்பித்த கார்தான். கடைசி நாளில் அவன் கைக்கு வரப்போவது இரும்புக் காசு மட்டும்.

இனி மாதக் கணக்கு. 27,000இல் 70 விழுக்காடு கடன் 18,900. மீதி 8,100 அப்பா. சிஓஇ முடிவதற்குள் கடன் முடிய வேண்டும், ஆகவே 24 மாதம். வட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அது பெரும்பாலும் முழுக் கடனுக்கும் முழுக் காலத்துக்கும் போடும் வட்டி, குறைந்துவரும் பாக்கிக்கு அல்ல. 18,900க்கு இரண்டு ஆண்டில் 1,134. மாதத் தவணை சுமார் 835 வெள்ளி. தேசிய சேவையில் புதிதாகச் சேர்ந்தவருக்கு மாதப்படி ஆயிரம் வெள்ளிகூட இல்லை.

அதோடு வீவக கூரையுள்ள கார் பார்க் மாதம் 110. சாலை வரி 1.6 லிட்டர் காருக்கு ஆண்டுக்குச் சுமார் 740, பழைய கார் என்பதால் இன்னும் மேலே. பெட்ரோல், மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 14 கிலோமீட்டர், லிட்டர் 2 வெள்ளி 80 காசு என்று போட்டால் 200. அந்த 2.80இல் வரி மட்டும் 66 காசு. காப்பீடு, சர்வீஸ், டயர், ஈஆர்பி எல்லாம் தனி. எப்படிச் சுருக்கினாலும் மாதம் 1,300 வெள்ளிக்குக் கீழே வராது.

இப்போது அந்த 2 வருஷம் 3 மாசத்துக்கு வாருங்கள். தேசிய சேவை இரண்டு ஆண்டு. வாரம் முழுக்க முகாமில் இருப்பான், கார் கார் பார்க்கில் இருக்கும், சிஓஇ ஓடிக்கொண்டே இருக்கும். அவன் சேவை முடித்து வெளியே வரும்போது காருக்கு மூன்று மாத உயிர்தான் பாக்கி. தங்கச்சி படிப்புக்கு அப்போது சரியாக ஓர் ஆண்டு.

அவன் டீ ஆறிப்போயிருந்தது.

திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம், 48ஆவது. மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிகிற குறள் அங்கேதான் வருகிறது. பள்ளியில் எல்லாரும் மனப்பாடம் செய்தது. அதை நாம் பகைவரோடு மோதுவது பற்றியது என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அதே அதிகாரத்தின் கடைசிக் குறள்கள் முழுக்க வரவு செலவு. வரும் வழி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, போகும் வழி அதைவிடப் பெரிதாகக் கூடாது என்று வள்ளுவர் படையையும் பணப்பையையும் ஒரே தலைப்பில் வைத்திருக்கிறார். 8,100, 835, 110, 200 என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் இறகுதான். அச்சு யார் என்பதுதான் கேள்வி. இந்த வீட்டில் அச்சு அப்பா.

பணத்தைவிட எனக்குக் கவலை தரும் இன்னொன்று உண்டு. உரிமம் கிடைத்த முதல் ஓராண்டு பி பிளேட். அந்த ஆண்டில் 13 குற்றப் புள்ளி சேர்ந்தால் உரிமம் ரத்து, மறுபடி முதலிலிருந்து தேர்வு. சிவப்பு விளக்கைத் தாண்டினால் ஒரே தடவையில் 12 புள்ளி. இருக்கைவார் போடாததற்கு 3. ஒரு சனிக்கிழமை இரவு, நாலு நண்பர்கள், சிராங்கூன் ரோட்டில் ஒரு சிக்னல், போதும். கார் இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது, தவணை மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

காப்பீட்டிலும் வயது பேசும். விபத்து நடந்தால் முதல் தொகையை நாம் கட்ட வேண்டும், அதற்குத்தான் எக்சஸ் என்று பெயர். இளம் ஓட்டுநருக்கும் அனுபவம் குறைந்தவருக்கும் அதன்மேல் இன்னொரு எக்சஸ் போடுவார்கள். சில ஒப்பந்தங்களில் அது 2,000, 3,000 வெள்ளி. "அப்பா பேர்ல போட்டுட்டு நான் ஓட்டுறேன்" என்று நிறைய பேர் சொல்கிறீர்கள். தினமும் ஓட்டப்போவது யார் என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மறைத்தால், விபத்தன்று அவர்கள் கையை விரிக்க இடம் கொடுத்தவர் நீங்கள். உங்கள் பெயரை ஓட்டுநராகச் சேர்த்து, அதற்குரிய தொகையைக் கட்டுங்கள். அப்பா பெயரில் இருந்தால் ஆண்டுக்கு 10 விழுக்காடாக 50 வரை ஏறும் கழிவும் அப்பாவுக்குத்தான் சேரும், உங்களுக்கு அல்ல.

அப்படியானால் ஓட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். வீட்டில் ஏற்கெனவே கார் இருந்தால் உங்கள் முதல் கார் அதுதான். உங்கள் பெயரைக் காப்பீட்டில் சேருங்கள், பெட்ரோல் உங்கள் செலவு, கழுவுவது உங்கள் வேலை. வீட்டில் கார் இல்லையென்றால் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள். சில நிறுவனங்கள் பி பிளேட் ஓட்டுநரை ஏற்காது, சில கூடுதல் எக்சஸ் கேட்கும். எடுப்பதற்கு முன் படியுங்கள். மாதம் நான்கு தடவை எடுத்து ஒவ்வொன்றுக்கும் 100 வெள்ளி ஆனால்கூட 400தான், முகாமில் இருக்கும் மாதம் பூஜ்யம். ஜோகூரில் பெரொடுவா வாங்கி இங்கே ஓட்டலாமே என்று ஒருவன் கேட்டான். முடியாது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டுப் பதிவெண் காரை இங்கே வைத்து ஓட்டக் கூடாது.

உண்மையிலேயே கார் தேவைப்படும் குடும்பங்களும் உண்டு. நடக்க முடியாத பாட்டி, வாரம் மூன்று தடவை டயாலிசிஸ், அதிகாலை ஷிப்ட். அவர்களுக்கு நான் சொல்வது: வார இறுதிக்கும் இரவுக்கும் போதுமென்றால் சிவப்பு எண் பலகை கார்களையும் பாருங்கள். வார நாளில் இரவு 7 முதல் காலை 7 வரையும், சனி ஞாயிறு முழுக்கவும் ஓடலாம்; அவசரத்துக்கு ஒரு நாள் அனுமதி 20 வெள்ளி. சாலை வரியில் 500 வெள்ளி வரை குறையும். எந்தப் பழைய காராக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் வெளியாளிடம் பரிசோதிக்கக் கொடுங்கள், விற்பவர் சொல்லும் பட்டறையில் அல்ல. வழுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்சி இருக்கிறதா, பக்கவாட்டுக் காற்றுப்பை இருக்கிறதா என்று கேளுங்கள். புதிதாக ஓட்டுபவருக்கு இது சன்ரூஃபைவிட முக்கியம். தகாட்டா காற்றுப்பைக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட கார்களில் ஒன்றா, மாற்றியாகிவிட்டதா என்று அந்த வகைக் காரின் அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் வண்டி எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். முன்பணம் கொடுத்தால் "கடன் கிடைக்காவிட்டால் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டம் கடையில் வாங்கும் பழைய காருக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். ஆனால் காரின் வயதுக்கேற்ற தேய்மானம் அதில் அடங்காது.

கோயில் வாசலில் காரை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தத்தைக் கேட்க எனக்கும் ஆசை இருந்தது. எனக்கு அந்த நாள் 34 வயதில் வந்தது. இன்றும் ஞாயிறு வகுப்புக்கு நான் எம்ஆர்டியில்தான் வருகிறேன். தேக்காவைச் சுற்றி லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், ரோச்சோர், ஜாலான் புசார் என்று நான்கு நிலையங்கள் இருக்க, கார் பார்க் வரிசையில் அரைமணி நேரம் நிற்க எனக்குப் பொறுமை இல்லை.

தம்பி இன்னும் முடிவு சொல்லவில்லை. "அப்பாகிட்ட இந்தக் கணக்கைக் காட்டுறேன்" என்று மட்டும் சொன்னான். அப்பா தருவதாகச் சொன்ன பணம். கணக்கை அவரும் பார்க்கட்டும்.

அடுத்த ஞாயிறு வரும்போது ஆளுக்கொரு கார் விளம்பரம் கொண்டு வாருங்கள். விலை, சிஓஇ மீதம், திரும்பக் கிடைக்கும் தொகை, ஓஎம்வி நான்கையும் எழுதி, ஆண்டுக்கு எவ்வளவு என்று வகுத்து வையுங்கள். வீட்டில் கார் இருப்பவர்கள் காப்பீட்டுத் தாளை எடுத்து, உங்கள் வயதுக்கு எக்சஸ் எவ்வளவு என்று போட்டிருக்கிறது என்று பார்த்து வாருங்கள். அதை அப்பாவோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள், அவரும் படித்திருக்க மாட்டார்.