துணை மின்நிலையத்துக்கு இடம் தேர்தல்

தறியானாலும் கிணற்று மோட்டாரானாலும், மின்சாரம் வந்தால் மட்டும் போதாது. போதிய அழுத்தத்தோடு வரவேண்டும். இதனை அனுபவத்தில் அறியாத அங்கத்தினர் நம்மில் இலர். மின்னழுத்தம் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்தால் மோட்டாரின் சுழற்றும் திறன் ஏறக்குறையப் பத்தொன்பது பங்கு குறையும். அக்குறையை ஈடுசெய்ய மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். சுருள் சூடேறி நாளடைவிற் கருகும். மறுபடி சுருள் கட்டும் செலவு உடையவர் தலையிலேயே விழுகிறது. இக்கேட்டிற்குரிய காரணங்களுள் முக்கியமானதொன்று, துணை மின்நிலையம் தொலைவில் இருத்தல்.

கிராமப்புறத் துணை மின்நிலையங்கள் பலவற்றில், 33 கிலோவோல்ட்டில் வரும் மின்சாரம் 11 கிலோவோல்ட்டாக இறக்கப்பட்டு ஊர்களுக்குப் பிரிகிறது. ஒரே அளவு திறனைக் கொண்டுசெல்ல, 33-இல் வேண்டும் ஓட்டத்தைப்போல் மும்மடங்கு 11-இல் வேண்டும். கம்பியிற் சூடாகி வீணாவது ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின், அதே கம்பியில் நஷ்டம் ஒன்பது மடங்காகும். ஆகவே 11 கிலோவோல்ட் கம்பி எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவும் இலாபமே.

இதற்காகப் பொறியாளர் முதலிற் காண்பது சுமை மையம். உதாரணமாக, கிழக்கே தறிக்கூடங்களுக்கு 300 கிலோவாட், அங்கிருந்து 8 கிலோமீட்டர் மேற்கே கிணறுகளுக்கு 100 கிலோவாட் தேவையென்று கொள்வோம். 100-ஐ 8-ஆற் பெருக்கி, மொத்தமாகிய 400-ஆல் வகுத்தால் 2 கிடைக்கும். தறிக்கூடங்களிலிருந்து 2 கிலோமீட்டர் தூரத்தில் மையம் அமைகிறது. நடுவழியான நான்காவது கிலோமீட்டர் நியாயமாகத் தோன்றினும் அது தகாது. ஆனால் கிணறுகள் இறைக்கும் வேளையில் தறிகள் நின்றிருக்குமாயின் கணக்கு மாறும். ஒரே வேளையில் எழும் தேவையையே எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பத்தாண்டில் வரக்கூடிய தறிகளையும் சேர்க்க வேண்டும்.

மையம் கிடைத்துவிட்டால் இடமும் கிடைத்துவிட்டதாகாது. அங்கே பாறையிருக்கலாம், பாறை நிலத்தில் நல்ல தரையிணைப்புக் கிடைப்பதரிது. பல டன் எடையுள்ள மின்மாற்றியை ஏற்றிவரும் லாரிக்குப் பாதை இல்லாதிருக்கலாம். இங்கேதான் நிலப்படம் துணைபுரிகிறது. 1802-இல் லாம்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெருநில அளவையின் வழிவந்த படங்கள் இன்று கணிப்பொறியில் ஏறியுள்ளன. சாலை, கம்பித்தடம், நீர்நிலை, மண்வகை, குடியிருப்பு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனிப் படலமாக ஒன்றன்மேலொன்று வைத்து, தகாத நிலங்களைக் கழித்துவிடலாம். எஞ்சும் நிலங்களுள் மையத்துக்கு அருகானது எதுவெனக் கணிப்பொறி நொடியிற் கூறும். செயற்கைக்கோட் படங்களை, 2009-இல் இஸ்ரோ தொடங்கிய ‘புவன்’ தளத்தில் எவரும் காணலாம்.

எனினும் படம் காட்டாதவையும் உண்டு. நம் நாட்டின் 1:50,000 அளவுப் படங்களிற் பெரும்பாலும் 20 மீட்டருக்கு ஒரு சமவுயரக்கோடுதான் வரையப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் மூன்றடி நீர் நிற்கும் பள்ளம் அதில் தெரியாது. ஊரார் மனமுவந்து கொடுக்க முன்வரும் நிலமோ பெரும்பாலும் அத்தகைய பள்ளமே! ஏரியடிப் புறம்போக்கு விலையின்றிக் கிடைக்கிறதென்று மகிழ்வது தகாது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் 2015 டிசம்பர் 5-ஆம் நாள் லூன் ஆற்று வெள்ளம் ஒரு துணை மின்நிலையத்தினுட் புகுந்தது. ஏறத்தாழ 61,000 வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. ஆற்றங்கரைத் தாழ்நிலம் அங்கும் சமமாக, வசதியாகத்தான் இருந்தது.

ஆதலின் நிலம் கேட்டு மின்வாரியத்தார் வரும்போது சங்கம் வெறுங்கையோடு நிற்றலாகாது. தறிகள், மோட்டார்களின் குதிரைசக்தியையும் அவை ஓடும் நேரத்தையும் குறைக்காமலும் கூட்டாமலும் பட்டியலிட வேண்டும். குறிப்பிட்ட புல எண்களுக்குரிய புலப்படங்களையும் கிராம வரைபடத்தையும் முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். முதியோரை அழைத்துச்சென்று, பெருமழை ஆண்டுகளில் நீர் எட்டிய உயரத்தை ஒவ்வொரு நிலத்திலும் காட்டச்சொல்லி, முளையடித்து, புல எண்ணோடு எழுதிக்கொள்க.