ராத்திரி மாத்திரை பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

சின்னம்மா எழுதுவது. நேற்று நீ போனில் பேசியதிலிருந்து மனசு சரியில்லை. போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, பக்கத்தில் உன் அம்மா, என் அக்கா, கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அதனால்தான் எழுதுகிறேன். அவள் படுத்த பிறகு பொறுமையாகப் படி.

அம்மாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது என்றாய். கால் தரையோடு தேய்கிறது, கை நடுங்குகிறது, கடைவாயில் எச்சில் வழிகிறது, சோற்றை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஆடி கடைசியிலிருந்து என்றாய். ராத்திரி கத்துகிறாள் என்று ஒரு கிளினிக்கில் ரிஸ்பெரிடோன் எழுதிக் கொடுத்தது ஆடி நடுவில். மறதி நோய் வருஷக் கணக்கில் இறங்கும், பாப்பா. பதினைந்து நாளில் ஒருத்தி இப்படிச் சாய்ந்தால் முதலில் புதுசாக வந்த மாத்திரையைத்தான் சந்தேகப்பட வேண்டும். அடுத்தது மூத்திரத்தில் கிருமி, மலச்சிக்கல். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தாலோ வாய் கோணினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஓட வேண்டும். இதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நோய் முற்றியதா என்ற பேச்சு.

இப்போது கால் விறைப்புக்கு என்று ட்ரைஹெக்சிஃபெனிடில் வேறு சேர்த்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஜிப்மர் ஆஸ்பத்திரியில் ஞாபகத்துக்கு எழுதிய டோனெபெசில் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருளைக் குறையாமல் காப்பதற்கு. இந்தப் புது மாத்திரை அதே பொருளை வேலை செய்யவிடாமல் தடுப்பது. வாய் உலரும், மலம் இறுகும், மூத்திரம் அடைக்கும், குழப்பம் கூடும். சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குகிறாயே, அந்தக் குளோர்பெனிரமினும் இதே ஜாதி. ஒரு மாத்திரையின் கெடுதலைப் புது நோய் என்று எண்ணி அதற்கு இன்னொரு மாத்திரை எழுதுகிற வழக்கத்தைப் பற்றி 1997-லேயே ரோச்சான், குர்விட்ஸ் என்ற இருவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதி எச்சரித்தார்கள். இன்னும் நம் ஊர்ப் பக்கம் சேர்க்கத் தெரிந்தவர்கள்தான் அதிகம், எடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

ஆயா கதை உனக்குத் தெரியும். நீ அப்போது சின்னப் பெண். தூக்கம் வரவில்லை என்றதற்கு ஒரு டாக்டர் அல்பிரசோலம் எழுதினார். ராத்திரி கொல்லைப் பக்கம் போக எழுந்தவள் படியில் சாய்ந்தாள். இடுப்பு எலும்பு போனது போனதுதான், அப்புறம் அவள் எழுந்திருக்கவே இல்லை. ஊரே வயசாகிவிட்டது என்றது. வயசு ஒரு நாள் ராத்திரியில் வந்துவிடுமா? இத்தனை வருஷம் வார்டில் நர்சாக வேலை பார்த்தும் அந்தப் படியை என்னால் மறக்க முடியவில்லை.

ரிஸ்பெரிடோன் வகை மாத்திரைகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்தது. மறதி நோயுள்ள முதியவர்களிடம் செய்த 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சுமார் பத்து வாரத்தில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.6 சதவீதம் பேர் இறந்தார்கள், இந்த மருந்து சாப்பிட்டவர்களில் 4.5 சதவீதம். 2008-ல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கை வந்தது. அடிக்கிறார்கள், பயந்து அலறுகிறார்கள், வேறு வழியில்லை என்றால் கொஞ்ச அளவில், கொஞ்ச காலத்துக்குக் கொடுப்பது உண்டு. அதை நான் மறுக்கவில்லை. இன்னொன்று. திண்ணையில் யார் வீட்டுப் பிள்ளைகளோ உட்கார்ந்திருப்பதாக அக்கா சொல்கிறாள் என்றாயே, இந்த மாத்திரைக்கு முன்பே அப்படிச் சொன்னாளா என்று யோசி. மறதி நோயில் லூயி பாடி என்று ஒரு வகை உண்டு. அவர்களுக்கு இல்லாத ஆட்கள் தெரிவார்கள், இந்த மருந்தும் அவர்களைத்தான் மோசமாகத் தாக்கும். டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்.

தொடர்வதா குறைப்பதா என்பது உன் முடிவு. பிரான்சில் இருக்கிற உன் அண்ணனும் ஒரு முடிவு சொல்வான், ஆனால் ராத்திரி விழித்திருப்பது நீ. மாத்திரை கொடுத்தால் வீடு அமைதியாக இருக்கும், நீயும் தூங்கலாம். அக்கா நடக்க மாட்டாள், பேச மாட்டாள், உன் முகம் பார்த்துச் சிரிக்கவும் மாட்டாள். அது போதும் என்று உனக்குத் தோன்றினால் நான் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் நீயாக நிறுத்திவிடாதே. படிப்படியாகக் குறைக்க வேண்டியது, டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும். பாகூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்குகிற பி.பி., சர்க்கரை மாத்திரைகள் உட்பட வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, எது எந்தத் தேதியில் ஆரம்பித்தது, அதன் பிறகு என்ன மாறியது என்று எழுதி, கோரிமேட்டு ஜிப்மருக்கு எடுத்துப் போ. "இதில் எதை எடுக்கலாம்?" என்று நீயே கேள். கேட்காவிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். டோனெபெசிலும் பசியைக் கெடுக்கும், நாடியை மெதுவாக்கும். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிஷம் எண்ணு. 50-க்குக் கீழே போனாலோ, தலைசுற்றி விழுந்தாலோ காத்திருக்காதே. டோனெபெசிலை ராத்திரி கொடுப்பதால் கெட்ட கனவு கண்டு கத்துகிறாளா என்றும் கேள், காலைக்கு மாற்றினாலே சிலருக்குக் கத்தல் அடங்கும். சாப்பிடாத அன்று சர்க்கரை மாத்திரை கொடுப்பது ஆபத்து, அதற்கும் தெளிவாக வழி கேட்டு வா.

மாத்திரை விழுங்கினாளா என்று வாயைத் திறந்து பார்க்கிறாயா? போன தடவை வந்தபோது அக்காவின் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். வெற்றிலைக் காம்போடு பாதி கரைந்த மாத்திரைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அது தெரியாமல் டாக்டர், மாத்திரை வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டுவார்.

விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து நாற்றுப் பறிக்கப் போகணும் என்கிறாளே, மறுத்துப் பேசாதே. ஆயுசு முழுக்க அந்த நேரத்துக்கு எழுந்தவள். ஆள் இன்னும் வரவில்லை, காபி குடி என்று சொல். பகலில் தூங்கவிடாமல் முருங்கைக்கீரை ஆயக் கொடு. வெயில் தாழ்ந்ததும் கையைப் பிடித்து ஏரிக்கரை வரை மெல்ல நடத்து. கால் சரியில்லாத அன்று வாசலோடு போதும்.

அதிகமாகப் பேசிவிட்டேன். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வருமா? மூன்று பிள்ளை பெற்றவளுக்கு நீ ஒருத்திதான் பிள்ளையாக நிற்கிறாய். உன் கைச்சோறு சாப்பிடுவதால்தான் அக்கா இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீ தங்கம். கோரிமேட்டுக்குப் போகும் நாளைச் சொல், நானும் வருகிறேன். அன்றிலிருந்து பத்து நாள் பாகூரிலேயே தங்கி ராத்திரி அக்கா பக்கத்தில் நான் படுத்துக்கொள்கிறேன், நீ உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு. உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
சின்னம்மா