நின்ற பின்பே கை நீட்டுக: சுழற்கலப்பையைப் பாதுகாப்பாகத் துப்புரவு செய்தல்

கள்ளக்குறிச்சிச் சமவெளியின் மக்காச்சோள, கரும்பு வயல்களிலும், கல்வராயன் மலையின் சரிவு நிலங்களிலும் டிராக்டரோடு பூட்டிய சுழற்கலப்பை இன்று பழகிய கருவியாகிவிட்டது. ரோட்டவேட்டர் என்றே பலரும் இதனை அழைப்பர். உழும்போது ஓட்டுநர் இருக்கையில் இருக்கிறார். கத்திகளோ பின்னால் மண்ணுக்குள் சுழல்கின்றன. மனிதக் கை அக்கத்திகளை நெருங்குவது, சுற்றிக்கொண்ட தட்டையையும் சோகையையும் அகற்றும்போதுதான். ஆகவே துப்புரவு நேரத்தையே மிகவும் அஞ்ச வேண்டும்.

விபத்து நேரும் விதம்

டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்திற்கு 540 முறை சுழல்கிறது. அதாவது நொடிக்கு 9 சுற்றுகள். துண்டின் நுனியோ, சேலைத் தலைப்போ அதில் பட்டால், கையை இழுத்துக்கொள்ள நேரம் இராது.

“நான் கிளட்சை மிதித்துக்கொள்கிறேன், நீ எடுத்துவிடு” என்று ஒருவர் இருக்கையில் அமர, மற்றவர் கத்தியருகே குனிவது நம் வயல்களில் காணும் வழக்கம். சேறு படிந்த கால் சற்றே வழுக்கினாலும் தண்டு மீண்டும் சுழலத் தொடங்கும். உறவினரின் கால் பலத்தை நம்பி உங்கள் விரல்களை ஒப்படைக்காதீர்கள். இயந்திரம் முற்றிலும் நின்றிருக்க வேண்டும்.

துப்புரவு செய்யும் முறை

1. டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போடுக. மலைச்சரிவில் சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ அண்டைக் கொடுக்க.
2. பி.டி.ஓ. இணைப்பை விடுவித்து, இயந்திரத்தை அணைத்துச் சாவியை எடுத்துவிடுக. துப்புரவு செய்பவரின் பையிலேயே சாவி இருக்கட்டும்.
3. கத்திகள் அசைவற்று நிற்பதைக் கண்ணால் கண்ட பின்பே இறங்கி அருகே செல்க.
4. தூக்கிய கலப்பை ஹைட்ராலிக் அழுத்தம் குறைந்தால் கீழே இறங்கிவிடும். ஆதலால் உறுதியான மரக்கட்டைகளால் முட்டுக் கொடுக்காமல் அதன் அடியில் கையோ காலோ வைக்கலாகாது.
5. தடித்த கையுறை அணிந்து, சிக்கலைக் கொக்கியாலும் கோலாலும் இழுத்து அகற்றுக. சொட்டுநீர்க் குழாய், கம்பி ஆகியவற்றை முதலில் வெட்டிவிடுக.
6. கத்திகளின் போல்ட்டுகளை இறுக்கி, கிரீஸ் இட்டு, கியர் பெட்டியின் எண்ணெய் அளவைப் பார்க்க. பி.டி.ஓ. தண்டின் மூடி உடைந்திருந்தால், மாற்றும் வரை கலப்பையைப் பயன்படுத்த வேண்டாம்.

வேலை முடியும் வரை சிறுவர்கள் அருகில் இருத்தல் கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பதும் கொப்புளக் காயத்தை வரவழைக்கும்.

யார் தவிர்க்க வேண்டும்?

தூக்கம் தரும் மருந்து உட்கொள்வோர், வலிப்பு நோயுள்ளோர், கை அறுவைக்குப் பின் உணர்வு முழுதும் திரும்பாதோர், மருத்துவர் இசைவு தரும் வரை இவ்வேலையைத் தவிர்க்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர் பசியோடு இதில் இறங்கலாகாது. “ஒரு நிமிட வேலைதானே” என்று அவர்கள் எழுந்தால், தடுப்பது உடனிருப்போர் கடமை.

காயம் பட்டால்

தூய துணியை வைத்து, இடையில் எடுத்துப் பாராமல், தொடர்ந்து அழுத்துக. காயம்பட்ட கையை உயர்த்திப் பிடிக்க. காப்பித்தூள், மஞ்சள், மண் எதையும் அப்பாதீர்கள். உடனே 108-ஐ அழைக்க. உறுப்பு கத்தியில் சிக்கியிருந்தால் இழுக்கவோ, இயந்திரத்தை இயக்கிப் பின்னோக்கிச் சுற்றவோ கூடாது. இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தீயணைப்பு மீட்புப் பணியினரை 101-இல் அழைக்க.

விரல் துண்டானால், அதனைத் தூய ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு நன்கு மூடுக. அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து, காயமடைந்தவருடனேயே அனுப்புக. விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் பட்டால் திசு கெட்டுவிடும். மீண்டும் பொருத்த இயலுமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். எனினும் ஒவ்வொரு மணி நேரமும் மதிப்புடையது. வெள்ளிமலை போன்ற மலையூர்களிலிருந்து இறங்கிவரும் வழி நெடியது என்பதால், வீட்டு வைத்தியத்தில் காலம் போக்காதீர்கள்.

மண் பட்ட காயத்தில் டெட்டனஸ் கிருமி புகக்கூடும். சிறு கீறலாயினும் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டறிக.

சிக்கலை அகற்றக் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகலாம். அந்த ஐந்து நிமிடம், சோறு பிசையவும் பேரக்குழந்தையைத் தூக்கவும் வேண்டிய கையைக் காக்கிறது. இன்று வீடு திரும்பியதும் இதனை டிராக்டர் ஓட்டும் உங்கள் வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள்.